பச்சிளம் குழந்தையைத் தாக்கும் கிருமிகள்: நம் குடும்பங்களுக்கு ஒரு பாடம்



நம் டிரஸ்டுக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில், பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளைகளுக்கான மனுக்களும் உண்டு. நோய் என்ன என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "ரத்தத்தில் இன்ஃபெக்‌ஷன்." அந்த வரியைப் படித்துவிட்டு, கமிட்டியில் வைத்து, தொகையை ஒதுக்குவதோடு நம் வேலை முடிந்தது என்றே நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு நிகழ்ச்சி. குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது. குழந்தையின் நன்னா வெளிநாட்டிலிருந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மருத்துவமனைக்கு வந்துவிட்டார். சிஸ்டர் அவரை உள்ளே விடவில்லை. குடும்பத்தார் எனக்கு போன் செய்தார்கள். நான் போய், டிரஸ்ட் செயலாளர் என்று சொல்லிக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். "அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார், ஒரு நிமிஷம் பார்த்துட்டு வரட்டுமே சிஸ்டர்" என்றேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. "ஐயா, உள்ளே பதினோரு பிள்ளைங்க இருக்கு. ஒரு பிள்ளைக்குக் கிருமி வந்தா பக்கத்துப் பிள்ளைக்கும் போகும். நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க" என்றார். எனக்குப் பதில் இல்லை.

நம் பிள்ளை சில வாரங்களில் நலமாக வீடு திரும்பியது. அடுத்த தொட்டிலில் இருந்த வேறு ஊர்ப் பிள்ளை திரும்பவில்லை. காரணம் கேட்டபோது அதே வரியைத்தான் சொன்னார்கள்: ரத்தத்தில் இன்ஃபெக்‌ஷன். அன்று கதவருகே நான் போட்ட சத்தம் நினைவுக்கு வந்து பல இரவுகள் உறுத்தியது. அதன் பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதை இங்கே பாடமாகத் தருகிறேன். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

செப்சிஸ் என்றால் என்ன?

கிருமி உடலுக்குள் புகுந்து, இரத்தத்தில் பரவி, அதை எதிர்க்கும் முயற்சியில் உடலின் உறுப்புகளே பழுதாகும் நிலைக்குச் செப்சிஸ் என்று பெயர். பெரியவர்களுக்கும் இது வரும். ஆனால் பிறந்து 28 நாட்களுக்குள் உள்ள பிள்ளைக்கு வந்தால், சில மணி நேரத்திலேயே நிலைமை கைமீறிவிடலாம்.

பச்சிளம் பிள்ளைக்கு ஏன் இவ்வளவு ஆபத்து? தாயின் உடலிலிருந்து நோய் எதிர்ப்புப் பொருட்கள் நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போவது, பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான். எட்டாம் மாதத்திலோ அதற்கு முன்போ பிறந்துவிட்ட பிள்ளை, அந்தச் சீதனத்தை முழுமையாகப் பெறாமலே வந்துவிடுகிறது. அதன் தோல் மெல்லியது. அதோடு, உயிர் காக்கவே நாம் அதன் நரம்பில் ஊசி ஏற்றுகிறோம், மூக்கில் குழாய் வைக்கிறோம், மூச்சுக்கு மெஷின் பொருத்துகிறோம். இவை ஒவ்வொன்றும் தேவையானவை. ஆனால் ஒவ்வொன்றும் கிருமி நுழைய ஒரு வாசலாகவும் ஆகிறது.

பிறந்து 72 மணி நேரத்துக்குள் வருவதை மருத்துவர்கள் முன்கூட்டி வரும் செப்சிஸ் என்றும், அதன் பின் வருவதைத் தாமதித்து வரும் செப்சிஸ் என்றும் பிரிப்பார்கள். முதல் வகை பொதுவாகத் தாயிடமிருந்தோ பிரசவத்தின்போதோ வரும். இரண்டாவது வகை மருத்துவமனையின் சூழலிலிருந்தோ, வீட்டிலிருந்தோ, தொடும் கைகளிலிருந்தோ வரும்.

எந்தக் கிருமிகள்?

நம் நாட்டு நிலையைக் காட்டும் ஒரு பெரிய ஆய்வு டில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்தது. 2011 ஜூலை முதல் 2014 பிப்ரவரி வரை, அங்கே பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 பிள்ளைகளைக் கவனித்தார்கள். 2016-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் முடிவு வெளியானது. அந்தப் பிள்ளைகளில் 14.3 சதவீதத்தினருக்குச் செப்சிஸ் வந்தது. வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பிள்ளை இறந்தது. பெயர் தெரிந்துகொள்ள வேண்டிய கிருமிகள் இவை:

அசினிட்டோபாக்டர்: டில்லி ஆய்வில் முதலிடம், 22 சதவீதம். காய்ந்த பரப்பிலும் பல நாட்கள், சில வேளை வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். கட்டில் விளிம்பு, மெஷினின் பொத்தான், கதவுக் கைப்பிடி எல்லாம் இதற்குத் தங்குமிடம்.

கிளெப்சியெல்லா: 17 சதவீதம். மனிதக் குடலில் வாழ்வது. கை கழுவும் தொட்டி, ஈரமான இடங்கள், கழுவாத கைகள் வழியாகப் பரவும்.

ஈ. கோலை: 14 சதவீதம். இதுவும் குடல் கிருமிதான். 1885-ல் தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் இதைக் கைக்குழந்தைகளின் மலத்திலிருந்தே கண்டறிந்தார். குடலில் இருக்கும் வரை பெரும்பாலும் தொல்லை தராது, இரத்தத்தில் ஏறினால்தான் ஆபத்து.

ஸ்டெஃபிலோகாக்கஸ்: நம் மூக்கிலும் தோலிலும் குடியிருப்பது. கொப்புளம், தொப்புள் சீழ், ஊசி ஏற்றிய இடம் ஆகியவை வழியாக உள்ளே போகும்.

சூடோமோனாஸ்: தண்ணீரை விரும்பும் கிருமி. குழாய், ஈரப்பதம் தரும் கருவிகள் இதன் இடம்.

கேண்டிடா: இது பாக்டீரியா அல்ல, காளான் வகை. மிகச் சிறிய பிள்ளைகளுக்கு, நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்த பிறகு வருவதுண்டு.

மேலை நாடுகளில் முன்கூட்டி வரும் செப்சிஸுக்குத் தாயிடமிருந்து வரும் பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி ஒரு முக்கியக் காரணம். டில்லி ஆய்விலோ, முதல் மூன்று நாட்களில் நோயுற்ற பிள்ளைகளிடமும் அதன்பின் நோயுற்றவர்களிடமும் ஏறத்தாழ ஒரே கிருமிகள்தான் இருந்தன. பிள்ளை பிறந்த உடனேயே, பிரசவ அறையிலிருந்தும் வார்டிலிருந்தும் கிருமியை வாங்கிக்கொள்கிறது என்பதற்கு இது வலுவான அடையாளம். அப்படியானால், இதில் கணிசமான பங்கைத் தடுக்க முடியும் என்பதும் பொருள்.

மருந்துக்கு அடங்காத கிருமி

சந்தேகம் வந்ததும் மருத்துவர் பிள்ளையின் இரத்தத்தைக் கொஞ்சம் எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவார். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று தெரிய இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது என்பதால் ஆன்டிபயாட்டிக் ஊசியை உடனே தொடங்கிவிடுவார்கள். முடிவு வந்ததும் மருந்தை மாற்றலாம், நிறுத்தவும் செய்யலாம். "முதலில் ஒரு மருந்து, பிறகு வேறு மருந்து, இவர்களுக்கே தெரியவில்லை" என்று நம்மவர்கள் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அது தெரியாமல் செய்வதல்ல, தெரிந்துகொண்டு திருத்துவது.

கவலை தரும் செய்தி வேறு. டில்லி ஆய்வில் அசினிட்டோபாக்டர் கிருமிகளில் 82 சதவீதமும், கிளெப்சியெல்லாவில் 54 சதவீதமும், ஈ. கோலையில் 38 சதவீதமும் பல வகை ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காதவையாக இருந்தன. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கித் தின்ற மாத்திரை, இரண்டு நாள் தின்று பாதியில் விட்ட மாத்திரை, சளிக்கெல்லாம் போட்ட ஆன்டிபயாட்டிக், கோழிப் பண்ணையில் கொடுத்த மருந்து எல்லாம் சேர்ந்துதான் கிருமிகளுக்கு இந்தப் பயிற்சியைத் தந்தன. நாம் காய்ச்சலுக்குத் தேவையின்றித் தின்ற மாத்திரையின் கணக்கை, எங்கோ பிறக்கும் ஒரு பிள்ளை தீர்க்க வேண்டியிருக்கிறது.

இதை எதிர்த்துக் குரல் எழுப்பியதில் நம் தமிழ்நாட்டுக்குப் பங்குண்டு. சென்னையின் தொற்றுநோய் மருத்துவர் டாக்டர் அப்துல் கஃபூர் முன்னின்று, 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் பலவற்றைச் சென்னையில் கூட்டி வழிவகை வகுத்தார். அது சென்னைப் பிரகடனம் என்று அறியப்படுகிறது. ஆன்டிபயாட்டிக் அட்டைகளில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருப்பதைப் பாருங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் இதைத் தின்னாதே என்பதற்கான அடையாளம் அது.

கைதான் பாலம்

1847-ல் வியன்னா நகரின் பெரிய மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். பிணப் பரிசோதனை செய்துவிட்டு அப்படியே பிரசவம் பார்க்க வரும் மருத்துவர்களின் வார்டில் தாய்மார்கள் அதிகம் இறந்தார்கள். குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பிறகே உள்ளே வர வேண்டும் என்று விதித்தார். ஏப்ரல் மாதம் 18 சதவீதமாக இருந்த இறப்பு, ஜூனில் சுமார் 2 சதவீதமாக இறங்கியது. கிருமி என்றால் என்ன என்றே உலகம் சரியாக அறியாத காலம் அது.

இன்றும் கிருமி ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குப் போக முக்கியமான வழி கைதான். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நக நுனி, மணிக்கட்டு எல்லாம் தேய்க்க வேண்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். கை கழுவிய பின் செல்போனைத் தொட்டால், மறுபடி கழுவ வேண்டும்.

நம்மில் சிலர் "நான் ஒளுவோடுதான் இருக்கிறேன்" என்று சொல்வார்கள். ஒளு இபாதத்துக்கான தூய்மை. அதில் நாம் சோப்பு போடுவதில்லை. பள்ளிவாசல் ஹவுளில் நூறு பேர் கை வைத்த தண்ணீரில் செய்த ஒளு, குறைமாதப் பிள்ளையைத் தொடப் போதாது. தூங்கி எழுந்தவர் பாத்திரத்தில் கை விடும் முன் கையைக் கழுவ வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த மார்க்கத்தில் இருப்பவர்களுக்கு, இதை ஏற்றுக்கொள்வது கடினமாக இருக்கக் கூடாது.

தாய்ப்பாலும் தாயின் நெஞ்சும்

கிருமிக்கு எதிராகக் குடும்பம் தரக்கூடிய மிகச் சிறந்த மருந்து தாய்ப்பால். முதல் சில நாட்களில் வரும் சீம்பால் சில துளிகளே என்றாலும், அதில் எதிர்ப்புப் பொருள் நிறைந்திருக்கிறது. பிள்ளை உள்ளே இருந்தாலும், தாய் கையால் பீய்ச்சிச் சுத்தமான கிண்ணத்தில் தரலாம். ஃபீடிங் பாட்டில் வேண்டாம். பாலாடை அல்லது கிண்ணம் போதும், அதையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் கொதிக்கும் நீரில் போட்டு எடுக்க வேண்டும்.

தாய்க்குப் பால் போதாதபோது சில மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கியிலிருந்து பால் தருவார்கள். பால்குடி உறவு குறித்து நம் குடும்பங்களுக்குத் தயக்கம் வருவது இயல்பு. இன்றைய அறிஞர்களிடையே இதில் இரு கருத்துகள் உள்ளன. நெருக்கடி நேரத்தில் வார்டு வாசலில் நின்று விவாதிக்காமல், குறைமாதப் பிரசவம் ஆகலாம் என்று மருத்துவர் சொன்ன உடனேயே உங்கள் ஆலிமிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கங்காரு முறை. பிள்ளையின் வெற்றுடம்பைத் தாயின் வெற்று நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைத்துக்கொள்வது. 1970-களின் இறுதியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கியது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், எடை குறைந்த பிள்ளைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கியபோது, முதல் 28 நாட்களில் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. பிள்ளையின் உடலில் தாயின் சாதாரணக் கிருமிகள் குடியேறி, மருத்துவமனைக் கிருமிகளுக்கு இடம் இல்லாமல் செய்வதும் இதன் பயன்களில் ஒன்று என்று கருதுகிறார்கள். மருத்துவர் அழைத்தால், "பச்சை உடம்புக்காரி, எப்படி உட்காருவாள்?" என்று நன்னிமார்கள் தடுக்க வேண்டாம். தாய்க்கு முடியாத நேரத்தில் அத்தாவும் செய்யலாம்.

நம் வீட்டு வழக்கங்கள்

மனம் நோகாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அன்பினால் செய்பவைதான் எல்லாம், ஆனால் சில தீங்காகின்றன.

சேனை வைப்பதாகச் சீனித் தண்ணீரோ தேனோ கொடுக்க வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் விதைகள் கைக்குழந்தைக்கு வாதம் வரவைக்கும். ஒரு வயது வரை தேன் கூடாது.

தஹ்னீக் நபிவழி, அதை நாம் நேசிக்கிறோம். ஆனால் தீவிர சிகிச்சையில் உள்ள பிள்ளைக்கு, மருத்துவர் சரி என்று சொல்லும் வரை தள்ளி வையுங்கள். நலமான பிள்ளைக்கும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, கை கழுவி, மிகச் சிறு அளவே செய்யுங்கள். இருமல், வாய்ப்புண், உதட்டில் கொப்புளம் உள்ளவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் செய்ய வேண்டாம். உதட்டுக் கொப்புளக் கிருமி பச்சிளம் பிள்ளைக்கு உயிராபத்து.

பாங்கு சொல்லத் தொட வேண்டியதில்லை. அனுமதி பெற்று, கை கழுவி, ஒருவர் மட்டும் சென்று மெல்லச் சொல்லிவிட்டு வரலாம்.

ஏழாம் நாள் முடி இறக்குவதும் அகீகாவும், பிள்ளை மருத்துவமனையில் இருந்தால் பின்னர் செய்யலாம். தேறிய பிறகும் புது பிளேடு, சுத்தமான கை.

தொப்புள்கொடியில் மஞ்சள், சாம்பல், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். காய்ந்து தானாக விழட்டும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதுவதும், தொக்கம் எடுக்கக் கொண்டுபோவதும், உரைமருந்து கொடுப்பதும் வேண்டாம்.

பிள்ளை வீட்டுக்கு வந்ததும் தெருவே பார்க்க வருவது நம் வழக்கம். முதல் சில வாரங்களுக்கு வெளியிலிருந்தே துஆ செய்யுங்கள். கையில் வாங்காமல், முத்தமிடாமல் போனால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதை நாம் எல்லோரும் ஒப்புக்கொள்வோம்.

இந்த அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் புறப்படுங்கள்

பெரியவர்களுக்குக் கிருமி தாக்கினால் காய்ச்சல் அடிக்கும். பச்சிளம் பிள்ளைக்குக் காய்ச்சலே இல்லாமல் உடல் சில்லிட்டுப் போவதும் உண்டு. அதனால் கவனியுங்கள்:

நன்றாகக் குடித்த பிள்ளை குடிக்க மறுப்பது. எழுப்பினாலும் சுறுசுறுப்பில்லாமல் தளர்ந்து கிடப்பது. உடல் சுடுவது, அல்லது கையும் காலும் வயிறும் குளிர்ந்திருப்பது. நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குதல், முனகல். வலிப்பு. வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி. தோல், உதடு நீலம் பாய்தல். உள்ளங்கை, பாதம் வரை மஞ்சள். தொப்புளைச் சுற்றிச் சிவப்பு அல்லது சீழ்.

"சமத்துப் பிள்ளை, அழவே இல்லை" என்று பெருமைப்பட்ட ஒரு பகலில், உண்மையில் பிள்ளை மயங்கிக்கொண்டிருந்த கதைகளை நான் கேட்டிருக்கிறேன். அழாத பிள்ளையை எழுப்பிப் பால் கொடுத்துப் பாருங்கள். காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

108-க்கு அழையுங்கள். பச்சிளம் பிள்ளை என்பதை முதலிலேயே சொல்லுங்கள். கடலூரிலும் அதைச் சுற்றியும் உள்ளவர்களுக்கு அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் பக்கத்தினருக்கு அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மேல் சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மருக்கும் அனுப்புவதுண்டு. வழியில் பிள்ளை குளிர்ந்துவிடுவதே பெரிய கேடு. தாயின் நெஞ்சோடு சேர்த்து வைத்து, தொப்பி போட்டு, மேலே துணி போர்த்திக் கொண்டுபோங்கள். அரசு மருத்துவமனையில் பிள்ளைக்கான சிகிச்சையும் மருந்தும் இலவசம். எனவே பணம் திரட்டுவதற்காக ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். மற்ற செலவை டிரஸ்ட் பிறகு பார்த்துக்கொள்ளும்.

வீட்டில் கேட்டுப் பார்க்க ஐந்து கேள்விகள்

1. செப்சிஸ் வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் கட்டாயம் இருக்குமா?
2. ஒளு இருந்தால் சோப்பால் கை கழுவாமல் பிள்ளையைத் தொடலாமா?
3. மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு எதைச் சொல்கிறது?
4. அழாமல் தூங்கிக்கொண்டே இருக்கும் பிள்ளையை என்ன செய்ய வேண்டும்?
5. மருத்துவமனைக்குப் போகும் வழியில் பிள்ளையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு சிஸ்டர் உங்களைத் தடுத்தால், என்னைப் போல் சத்தம் போடாதீர்கள். யாருக்காகவும் சிபாரிசு கேட்டு என்னை அழைக்கவும் வேண்டாம், இனி நான் வர மாட்டேன். அந்தப் பெண் உங்கள் பிள்ளையையும் பக்கத்துத் தொட்டில் பிள்ளையையும் சேர்த்தே காக்கிறாள். வெளியே நின்று இரு கைகளையும் ஏந்தி, உள்ளே இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்